ஏழாவது படம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போன மாதத்தில்தான் எனக்கும் என் தோழி நர்தீனுக்கும் கல்லூரியில் கடைசி வருட பிராஜெக்ட் வந்தது. பிரவுசரில் ஓடும் சொல் விளையாட்டு ஒன்று செய்தோம். படம் வரும், அது என்னவென்று எழுத வேண்டும். தவறென்றால் எழுதியது அழிந்து சிவப்புக் குறி வரும், அவ்வளவுதான்.

முதலில் விளையாடியவர் அப்பா. அலெக்சாண்ட்ரியாவில் முப்பது வருடம் டிராம் ஓட்டியவர். இடது கை விரலால் ஃபோனில் மெல்ல மெல்ல எழுதினார். டிராம், மீன், கடல் என்று ஆறு படமும் சரி. ஏழாவதாக, நர்தீனிடம்கூடச் சொல்லாமல், என் படத்தை வைத்திருந்தேன். அவருக்கு ஆட்களை அடையாளம் தெரியாமல் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என்னைத் தெரிகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சிவப்பு. மறுபடியும் சிவப்பு.

"விடுடி, பேரெல்லாம் மெதுவாத்தான் வரும்," என்றாள் அம்மா.

"மீனு ஞாபகம் வருது, பெத்த பொண்ணு வரலையா?"

மறுநாள் காலை அப்பா ஃபோனை என்னிடம் நீட்டினார். அதில் சிவப்புக் குறி. தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் எழுப்பினார்.

"தெரியலேன்னா விடுங்கப்பா. உங்களுக்கு அந்த மீனே போதும்."

அவர் கையைத் தாழ்த்திக்கொண்டார். அதற்குப் பிறகு சூப் கிண்ணத்தை அவர் முன்னால் வைப்பேன், முகத்தைப் பார்க்க மாட்டேன். எனக்கு வீம்பு அதிகம். மூன்றாவது வாரம் பக்கவாதம் இரண்டாம் முறை வந்தது, போய்விட்டார்.

நாற்பதாம் நாள் முடிந்து கல்லூரிக்குப் போனேன். வகுப்பில் விளையாடியவர்களில் யார் எந்தப் படத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று நர்தீன் கணக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"அரீஜ், ஏழாவது படத்தை ஒருத்தர்கூட தாண்டல. நானும்தான். உன் மூஞ்சி எனக்குத் தெரியாதாக்கும்?"

"என்னன்னு எழுதின?"

"உன் பேரைத்தான். நீ விடையில ஹம்ஸா போட்டு வச்சிருக்க. ஃபோன்ல எவடி ஹம்ஸா போடுறா?"

எங்கள் அரபு எழுத்தில் என் பெயர் அலிஃப் என்ற முதல் எழுத்தில் தொடங்கும். அதன் தலையில் ஹம்ஸா என்ற சின்னக் குறி உண்டு. பரீட்சையில் போடுவோம், ஃபோனில் யாரும் போடுவதில்லை, யாருக்கும் அது பிழையாகத் தெரிவதுமில்லை. கணினிக்கு மட்டும் குறி உள்ளதும் இல்லாததும் வேறு வேறு எழுத்து. ஆசிரியர் குறை சொல்லக் கூடாதென்று சுத்தமாக எழுதியவள் நான்.

"எல்லாரும் எழுதினது பதிவாயிருக்கா?"

"இருக்கு. ஏன் கேக்குற?"

முதல் ஆட்டக்காரரின் பதிவைத் திறந்தேன். அரீஜ். அரீஜ். அரீஜ். ஹம்ஸா இல்லாமல் முப்பத்தொரு தடவை. முதல் நாள் தொடங்கி மறுநாள் காலை வரை.

அத்தோடு நிறுத்தியிருப்பார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. நான் முகம் பார்க்காத அத்தனை நாளும் எழுதியிருக்கிறார். பெயர் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, வேறு சொற்களைத் தேடியிருக்கிறார். பெண். மகள். செல்லம். கடைசியாக, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று காலை, என் மகள்.

அதற்கும் தவறு என்றுதான் வந்திருந்தது.