இரண்டாம் பாகத்துக்கு எத்தனை புள்ளி

“பிடிபட்டா ஆட்டம் முடிஞ்சிடணும். கேமோட முதல் பாகத்துல அப்படித்தான இருந்துச்சு?”

“இதுல ஆட்டம் முடியாது. கத்திய எடுத்து நாலு பேர வெட்டிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். அதையும் நல்லதுன்னுதான் சொல்லணும், சக்தி.”

“வெட்டிட்டுப் போறவளுக்கு ஒளியிற வேலை எதுக்கு?”

சிவசக்தி கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். திலீபன் அரிசி மூட்டையில் சாய்ந்து, மைக்கின் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். பதுளை பஜாரில் அவனுடைய அப்பா மயில்வாகனம் முதலாளியின் பலசரக்குக் கடைக்கு மேலே உள்ள சாமான் அறை அது; கடையின் பின்கட்டில்தான் அவர்கள் வீடு. செத்தல் மிளகாய் நெடிக்கும் கருவாட்டு வாடைக்கும் நடுவே ஒரு பழைய டிவி. வெளியே காலையிலிருந்து விடாத மழை, தகரத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது.

இருவரும் சேர்ந்து யூடியூப்பில் ஒரு சேனல் நடத்தினார்கள். புதிதாக வரும் கேம்களை விளையாடிப் பார்த்து, நல்லது கெட்டது சொல்லிப் புள்ளி போடுகிற சேனல். விளையாடுவது அவள். பேசுவது அவன். பார்க்கிறவர்களுக்கு அவன் மட்டும்தான் தெரியும். “அண்ணா, உங்க கை வேற லெவல்” என்று கீழே எழுதுவார்கள். ஆரம்பத்தில் அதை வாசித்துவிட்டு அவள் சிரித்திருக்கிறாள்.

அவர்களைச் சேர்த்து வைத்ததே இந்தக் கேமின் முதல் பாகம்தான். அதன் பெயரை அவர்கள் தமிழில் ‘கொக்கு’ என்று ஆக்கியிருந்தார்கள். கொக்கு ஒரு திருடி. காவல் நிறைந்த மாளிகைகளுக்குள் நுழைந்து, யார் கண்ணிலும் படாமல் வெளியே வர வேண்டும். கையில் ஆயுதம் கிடையாது. ஒருவன் பார்த்துவிட்டால் திரை கறுத்துவிடும். அவள் வேலை பார்க்கும் பஸ் ஸ்டாண்ட் கொமினிகேசன் கடைக்கு, அந்தக் கேமின் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுக்க திலீபன் வந்தான். அது எந்த மாளிகை, எந்தத் தூணுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று அவள் சொன்னபோது பேச்சு தொடங்கியது.

ஒளிவதில் அவள் கெட்டிக்காரியாக இருந்ததில் வியப்பில்லை. நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில், கூரை வரை எட்டாத சுவர்களுக்கு இடையே வளர்ந்தவள். அடுத்த வீட்டில் யார் புரண்டு படுத்தாலும் இந்த வீட்டுக்குக் கேட்கும். எந்தச் சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அவளுடைய காது தானாகவே கற்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருக்கிறது என்று அம்மா இராக்கம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறுவாள். இங்கே வந்து, கொல்லைப் படியால் மேலே வருவாள். அந்த நேரத்தில் திலீபனின் அம்மா கோயிலில் இருப்பார்.

அவளைப் பற்றி வீட்டில் சொல்கிறேன் என்று திலீபன் தீபாவளிக்குச் சொன்னான். பிறகு தைப்பொங்கலுக்கு என்றான். பிறகு, இரண்டாம் பாகம் வரட்டும், சேனல் கொஞ்சம் நிமிரட்டும் என்றான். இரண்டாம் பாகம் வந்துவிட்டது.

“சரி, இதுல உனக்கு ஒண்ணுமே புடிக்கலயா?”

பிடித்த ஒன்று இருந்தது. மழையில் நனைந்துவிட்டு உள்ளே போனால், கொக்கின் பாதம் தரையில் ஈரமாகப் பதிகிறது. காவலாளி குனிந்து அதைப் பார்க்கிறான், பின்தொடர்ந்து வருகிறான். முதல் பாகத்தில் சுவடே கிடையாது, காற்று நடந்து போன மாதிரி இருக்கும். இதில்தான் கொக்குக்கு உடம்பு இருக்கிறது என்று சிவசக்தி சொன்னாள். திலீபன் அதை அப்படியே போனில் குறித்துக்கொண்டான். ஆனாலும் மொத்தத்தில் முதல் பாகத்துக்கு இது கிட்டவும் வராது, பத்துக்கு ஐந்துதான் என்று அவள் முடித்தாள். அவன் ஏழு புள்ளியாவது போடலாமே என்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது, கீழே கொல்லைக் கதவு திறந்தது.

“தம்பி, யாரு மேல? படியெல்லாம் சேறாக் கிடக்கு.”

திலீபனுடைய அம்மாவின் குரல். மழைக்காகப் பூசையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

திலீபனின் முகம் வெளுத்தது. அவள் வந்ததும் முதல் வேலையாக அவன் படியைத் துடைப்பது வழக்கம். அதனால் அவனைச் சுத்தக்காரன் என்று அவள் நினைத்திருந்தாள். இன்று புதுக் கேமின் அவசரத்தில் அவன் மறந்துவிட்டான். உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுக் கீழே இறங்கினான்.

பலகைத் தரைக்கு மேலே அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அசைந்திருந்தாலும் அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

“கூட்டித் துடைக்க வந்த புள்ள, அம்மா. தோட்டத்துப் புள்ள.”

“பாவம், மழைல வந்திருக்கு. தேத்தண்ணி ஊத்திக் குடு. பைப்படில இருக்கிற கோப்பைல குடு, என்ன.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் சிவசக்தியின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. திட்டியிருந்தால் எழுந்து போயிருக்கலாம்.

திலீபன் இரண்டு தேநீரோடு வந்தான். அவனுடையது பூப்போட்ட கண்ணாடிக் கோப்பை. மற்றது, மூட்டை தூக்க வருபவர்களுக்காகக் கொல்லைக் குழாயடியில் கவிழ்த்து வைத்திருப்பது, விளிம்பு உடைந்த பீங்கான். அதை அவள் பக்கமாக நீட்டியபோது அவனுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தப்பித்துவிட்ட நிம்மதி மட்டும் முகத்தில் இருந்தது.

“கெட்டிக்காரத்தனமாச் சமாளிச்சிட்டேன்ல?” என்று கிசுகிசுத்தான்.

அவள் கோப்பையை வாங்கினாள். அதில் இருந்தது ஒருவேளை அவளுடைய அம்மா கிள்ளிய கொழுந்தாகவும் இருக்கலாம். உடைந்த இடம் தன் பக்கம் வராதபடி திருப்பினாள், குடிக்கவில்லை. திரையில் கொக்கு ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் நின்றபடியே இருந்தது. யாரும் கன்ட்ரோலரைத் தொடாவிட்டால் அது அங்கேயே நிற்கும். எத்தனை காலம் வேண்டுமானாலும் நிற்கும், மூச்சு விடுவது மட்டும் தெரியும்.

முதல் பாகத்தை அவள் எத்தனையோ முறை முடித்திருக்கிறாள். எந்த முறையும் யாரும் கொக்கின் முகத்தைப் பார்த்ததில்லை. அதுதான் வெற்றி என்று கேம் சொன்னது, அவளும் நம்பினாள்.

“புள்ளிய மாத்துங்க,” என்றாள்.

“ஏழா?”

“ஒன்பது. பிடிபட்ட பிறகும் ஆட்டம் இருக்கு இதுல. அது நல்லதுன்னு சொல்லுங்க.”

“இப்பத்தான் வழிக்கு வந்திருக்க,” என்று சிரித்தபடி அவன் மைக்கை எடுத்தான்.

அவள் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள். அறைக்கு இன்னொரு படியும் உண்டு. அது நேரே வீட்டு ஹாலில் இறங்கும். அந்தப் பக்கமிருந்து சாம்பிராணி மணம் வந்தது. அம்மா சாமிப்படத்துக்கு விளக்கேற்றுகிறார் போலும். சிவசக்தி அதுவரை தொட்டிராத அந்தக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தாள். திலீபனின் சிரிப்பு நின்றது.

“நான் இந்தப் படியால இறங்குறேன், திலீபன். நீங்களும் கூட வாங்க. வந்து, நான் யாருன்னு அம்மாகிட்ட சொல்லுங்க.”