ஹானுஸ் வீட்டில் இருந்தால் கார் ஓடாது

என் கணவன் ஹானுஸ் மீன்பிடிக் கப்பலில் இன்ஜினியர். அங்கே அவன் கட்டி மேய்க்கும் இன்ஜின் எங்கள் அடுப்படியைவிடப் பெரியது. புயலுக்கு நடுவே அதைப் பிரித்துக் கோத்து ஓடவைத்தவன் என்று ஃபாரோ தீவுகள் முழுக்கப் பேச்சு. அப்பேர்ப்பட்டவனுக்கு வாசலில் நிற்கும் ஒரு கிழட்டு டீசல் காரைக் காலையில் கிளப்பத் தெரியவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவன் கடலில் இருக்கும்போது அந்தக் கார் ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. அவன் மூட்டையோடு வீட்டுக்கு வந்த மறுநாளே ஆரம்பித்துவிடும். செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. உடனே போனட்டைத் திறந்துவிடுவான். அதற்கப்புறம் விடுமுறை முடியும்வரை எனக்கு அவன் முதுகுதான் தரிசனம்.

இந்தத் தடவை இன்ஜினைச் சூடாக்கும் குளோ பிளக்குகளை மாற்றினான். பேட்டரியை மாற்றினான். டீசல் ஃபில்டரையும் மாற்றினான். அப்படியும், டீசலை இழுக்கும் கைப்பம்பை அமுக்கி அமுக்கி விரல் வீங்கிய பிறகு, வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஒருவழியாகக் கிளம்பும். அன்று முழுக்கச் சமர்த்தாக ஓடும். விடிந்தால் பழைய குருடி கதவைத் திறடி. ஒரு நாள் நான் சூப் வைக்கும் சட்டியில் என்னவோ உருளை உருளையாக ஊறிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது?"

"கார் இன்ஜெக்டர். கழுவினா நாத்தம் போயிரும், மார்யுன்."

"நீதான் போகப்போற, பாத்துக்கோ!"

பக்கத்து வீட்டு டும்மாஸ் வேறு. ஆடு வளர்க்கிற மனுஷர், தினமும் காலையில் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, என் காபியைக் குடித்துக்கொண்டே யோசனை சொல்வார்.

"பேட்டரியாத்தான் இருக்கும் தம்பி."

"மாத்தியாச்சுண்ணே."

"அப்ப பழைய பேட்டரி நல்ல பேட்டரியாத்தான் இருந்திருக்கும்."

உண்மையில் காரணம் எனக்குத் தெரியும். இன்ஜின் ஞானமெல்லாம் ஒன்றும் கிடையாது. எங்கள் வாசல் சரிவானது. மலையிலிருந்து காற்று இறங்கும். எங்கள் ஊரில் காரின் மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்துத்தான் எல்லோரும் நிறுத்துவார்கள். இல்லையென்றால் திறக்கும்போது கதவைக் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். ஹானுஸும் அப்படித்தான், மூக்கை மலைப் பக்கம் மேலே தூக்கி நிறுத்துவான். நான் சோம்பேறி. அவன் இல்லாத நாட்களில் மூக்கைக் கீழே பார்க்க நிறுத்திவிட்டு, கதவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். அப்படி நிறுத்தினால் காலையில் தொட்டதும் கிளம்புகிறது. மேலே பார்க்க நிறுத்தினால் ராத்திரி முழுக்க டீசல் இன்ஜினிலிருந்து பின்னாலிருக்கும் டாங்கிக்கே வழிந்து போய்விடுகிறது போலிருக்கிறது.

சொல்லத்தான் நினைத்திருந்தேன். அதற்குள் கேப்டன் ரெகினிடமிருந்து போன் வந்தது. இன்னொரு இன்ஜினியர் கையை உடைத்துக்கொண்டாராம். கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்புகிறது, ஹானுஸ் வர முடியுமா என்று கேட்டார். விடுமுறையில் பாதிகூட முடியவில்லை.

"கார் ஓடலயே கேப்டன். இவ வேலை மலைக்கு அந்தப் பக்கம், முதியோர் இல்லத்துல. விடியக்காலைல பஸ்ஸும் கிடையாது. வண்டி சரியானா வந்துடறேன்" என்றான் ஹானுஸ்.

போன விடுமுறையும் இப்படி ஒரு போனில்தான் பாதியில் பறிபோனது. கார் ஓடினால் இவன் போய்விடுவான், ஓடாவிட்டால் இருப்பான். டீசல் நாற்றத்தோடாவது அவன் வீட்டில் இருக்கட்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அதே சமயம் அவன் வீட்டில் இருந்து செய்கிற அழும்பும் தாங்கவில்லை. இருதலைக்கொள்ளி எறும்பாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் வாஷிங் மெஷினைப் போட்டால் தரையெல்லாம் தண்ணீர். பின்னால் இருந்த ரப்பர் ஓஸைக் காணவில்லை. வாசலுக்கு ஓடினால், அது காருக்குள் டீசல் ஓஸாகப் பதவியேற்றிருந்தது. கார் அப்போதும் கிளம்பவில்லை. டும்மாஸ் காபியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

"நீ இல்லாதப்ப பொம்பளை ஓட்டுது பாரு, அதான் வண்டி இப்படி ஆயிருச்சு."

ஹானுஸ் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னை உசுப்பிவிட்டது.

"நான் ஓட்டறப்ப ஒரு நாள் நின்னுருக்குமாய்யா இது? மூஞ்சியைக் கீழ பாக்க நிறுத்துய்யா! உன் புண்ணியத்துல டீசல் பூரா ராத்திரியே டாங்கிக்கு ஓடிடுது. இது தெரியாம நீயெல்லாம் ஒரு இன்ஜினியர்!"

நுணலும் தன் வாயால் கெடும். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

டும்மாஸுக்குத் திடீரென்று ஆடுகளின் ஞாபகம் வந்து கிளம்பிப் போனார். ஹானுஸ் ஸ்பேனரோடு அப்படியே நின்றான்.

"கீழ பாக்கவா? அப்ப கதவு?"

"புடிச்சுக்க எனக்கு ரெண்டு கை இருக்கு."

பம்பை அமுக்கிக் காரைக் கிளப்பினான். திருப்பி, மூக்கு கடலைப் பார்க்க நிறுத்தினான். நான் உள்ளே போய் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அழுதேன். சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தான்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டு குளிர்காலமா."

"ஏன் சொல்லல?"

"டும்மாஸ் அண்ணன்கிட்ட கேட்ட. கப்பல்ல இருக்கறவன் அத்தனை பேர்கிட்டயும் கேட்ட. என்னை டார்ச்சத்தான புடிக்கச் சொன்ன?"

அது மட்டும்தான் காரணம் என்பதுபோல நான் சொன்னது பாதிப் பொய்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் சாவியைத் திருப்பியதும் கார் பிடித்துக்கொண்டது. நல்ல கட்டையான சத்தம், சமையலறை ஜன்னல் அதிர்ந்தது. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவே பிடிக்கவில்லை. அவனுடைய கடல் மூட்டையை எடுத்து வாசற்படியில் டொம்மென்று வைத்தேன். அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. இன்ஜினை அணைக்காமலே எடுத்தான். ரெகினுக்கு எப்போதும் கத்தித்தான் பேச வரும். எனக்கே தெளிவாகக் கேட்டது.

"என்னப்பா, கார் ஓடுதா?"

ஹானுஸ் மூட்டையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"எங்க கேப்டன்! அக்கக்கா பிரிச்சுப் போட்டுருக்கேன். மூணு வாரமாவது ஆகும்."

"அப்ப அது என்ன சத்தம்?"

"அதுவா? பக்கத்து வீட்டு டும்மாஸோட டிராக்டர்."

டும்மாஸிடம் டிராக்டர் கிடையாது. ரெகின் டும்மாஸின் அக்கா மகன்.

"நல்ல டிராக்டர்தான்" என்றார் ரெகின். "அணைச்சிட்டு உள்ள போ. குளிருது."