இன்னும் ஒரே ஒரு சண்டை

ஏரிக்கரையில் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெய்வசிகாமணியும் அவர் மனைவி பானுப்ரியாவும் வலையை மடியில் போட்டு நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு நண்டு அவர் விரலைக் கவ்வி ரத்தம் வழிந்தது. அவர் கையை உதறவில்லை. கவ்வியதே தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார்.

"இன்னாயா, கைய பாரு. ரத்தம் வருது."

"எங்க?" என்று கேட்டு, கொஞ்சம் தாமதமாகத்தான் குனிந்து பார்த்தார்.

பழவேற்காட்டிலிருந்து எண்ணூர் வரை குத்துச்சண்டை என்றால் தெய்வசிகாமணிதான். ஒரு காலத்தில் மாநில சாம்பியன். நாற்பத்திரண்டு வயதிலும் திருவிழா மேடைகளில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். சில மாதங்களாக நாக்கு குழறியது. பொன்னேரி டாக்டர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "இனிமே தலையில ஒரு அடிகூட விழக்கூடாது. இதோட நிறுத்திடுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படகு இருந்தது, சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. ஆனால் மீன் ஏலத்தில் "சாம்பியன் வர்றாரு, வழி விடு" என்ற குரல் இல்லாமல் எப்படி வாழ்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டு திருவிழாவுக்கு எண்ணூரிலிருந்து ஹரிஹரன் என்ற இளைஞன் சண்டைக்கு வருவதாகப் பேச்சு வந்தது. ஊர்த் தலைவர் தருமலிங்கம் கூட்டம் போட்டார். "நம்ம ஊரு மானம் உன் கையிலதான் கீது, சிகாமணி. இன்னும் ஒரே ஒரு சண்டை."

பானுப்ரியா கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றாள். "அண்ணே, டாக்டர் வேணாம்னு சொல்லிட்டாரு. அடி பட்டா உசுருக்கே ஆபத்துன்னாரு. விட்டுடுங்க."

எல்லோரும் தெய்வசிகாமணியைப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது. "அவளுக்கு எப்பவும் பயம். எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. பானுப்ரியா தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினாள்.

மணல்மேட்டில் கயிறு கட்டி மேடை போட்டிருந்தார்கள். முதல் ரவுண்டு எப்படியோ தாக்குப்பிடித்தார். இரண்டாவது ரவுண்டில் ஒரு குத்து காதோரம் இறங்கியதும் அவர் பார்வை எங்கோ நிலைகுத்தியது. ஹரிஹரன் கையைத் தாழ்த்திவிட்டான்.

"அண்ணே, உன் கண்ணு சரியில்லண்ணே. போதும்."

"பயந்துட்டான்டா!" என்று கூட்டம் ஊளையிட்டது. "நிறுத்துங்க" என்று பானுப்ரியா கத்தியது யார் காதிலும் விழவில்லை. நடுவர் தருமலிங்கத்தைப் பார்த்தார். தருமலிங்கம், "நடத்து, நடத்து" என்று கையை ஆட்டினார்.

"அடிடா. எனக்குப் பிச்சை போடாத" என்றார் தெய்வசிகாமணி.

ஹரிஹரன் அடித்தான்.

மணி அடித்ததும் அவர் தள்ளாடி நடந்து, ஹரிஹரனின் மூலைக்குப் போய் அவனுடைய முக்காலியில் உட்கார்ந்தார். வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துச் சனம் சிரித்தது. "நான்தான ஜெயிச்சேன்?" என்று அவனிடமே கேட்டார். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

சென்னையில் தலையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். உயிர் திரும்பியது, அவர் திரும்பவில்லை. வலது கை செத்துத் தொங்கியது. பானுப்ரியாவை யாரென்று கேட்டார். அவள் கஞ்சி ஊட்டி, உடம்பு துடைத்து, விடிந்ததும் தனியாகத் துடுப்புப் போட்டு ஏரிக்குப் போய் வந்தாள். ஹரிஹரன் அதற்குப்பின் எந்த மேடையிலும் ஏறவில்லை என்று கேள்விப்பட்டாள்.

அடுத்த திருவிழா நெருங்கியபோது தருமலிங்கம் ஆட்களோடும் ரோஜா மாலையோடும் வந்தார். "சாம்பியன மேடையில உக்கார வெச்சுப் பெருமைப்படுத்தணும்மா. அதுக்கப்புறம்தான் இந்த வருசச் சண்டை ஆரம்பம்."

நாற்காலியில் இருந்தவரின் கழுத்தில் போட மாலையை உயர்த்தினார். தெய்வசிகாமணி இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுருண்டார். "அடிக்காத... அடிக்காத..." என்று குழந்தைபோல அழுதார். வேட்டி நனைந்தது.

மாலை தருமலிங்கத்தின் கையிலேயே நின்றது.

பானுப்ரியா கணவனின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவள் குரல் உயரவில்லை. "அன்னிக்கி அவர் போதும்னு சொல்லியிருந்தா, இந்நேரம் வலையோட ஏரியில இருப்பாரு. சொல்ல வெக்கப்பட்டாரு. வெக்கப்பட வெச்சது நீங்க. எடுத்துக்கினு போங்கண்ணே."

தருமலிங்கம் மாலையோடு திரும்பிப் போனார். திருவிழா அன்று கயிறு கட்டிய மேடையில் அவர் மட்டும் ஏறினார். சண்டை இல்லை என்றதும் கூச்சல் எழுந்தது. அது அடங்கும்வரை நின்றார்.

"எறங்க வேண்டிய நேரத்துல எறங்குறது தோல்வி இல்லப்பா. ஒடம்பு முடியாதவன 'இன்னும் ஒரு தடவ'ன்னு ஏத்திவிட்டுக் கைதட்டுறோமே, அதுதான் பாவம். சிகாமணிய சாய்ச்சது எண்ணூர்ப் பையன் இல்ல. நாமதான்."