மறுத்தது யார்

எங்கள் குழுவில் மூத்தவர், 'பாக்' என்று நாங்கள் மரியாதையாக அழைக்கும் விடாக்டோ, யாரையும் குறை சொல்லாத மனிதர். வீட்டில் அது நல்ல குணம். பிழைச் செய்தி எழுதுகிறவருக்கு அது பெரிய கேடு.

சுரபாயாவில் உட்கார்ந்துகொண்டு, தீவுகளுக்கு ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் விற்கும் மென்பொருளைக் கவனிப்பது எங்கள் வேலை. தரவுத்தளம் சுரபாயா, மக்காசார், அம்போன் என மூன்று ஊர்களில் பிரிந்து கிடக்கிறது. மூன்றும் 'சரி' என்றால்தான் டிக்கெட் பதிவாகும். ஒன்று மறுத்தாலும் எல்லாம் ரத்து. அப்போது திரையில் விடாக்டோ எழுதிய வாசகம் வரும்: "மன்னிக்கவும். ஒரு தரப்பு இணங்கவில்லை. சற்றுப் பொறுத்து முயலவும்." எந்தத் தரப்பு என்று மெஷின் எழுதிவைக்கும் 'லாக்' பதிவேட்டிலும் இருக்காது. பெயரைச் சொன்னால் மரியாதைக் குறைவாம்.

பெயர் சொல்லாவிட்டால் பழி தூரத்தில் இருப்பவன் தலையில்தான் விழும். அம்போன் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் யோபி லாத்துமெத்தென் தலையில் விழுந்தது. ரத்துகள் கூடிக்கொண்டே போக, அம்போனை மூடிவிட்டு அவனை வீட்டுக்கு அனுப்புவதென்று இயக்குநர் அம்மா இபு எண்டாங் தீர்மானித்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

யோபி என்னைத் தொலைபேசியில் அழைத்தான். அவன் ஊர் மரியாதையில் நான் 'நோனா'. "நோனா நிங்ரும், தப்புப் பண்ணியிருந்தா போறேன். என்ன தப்புன்னாவது சொல்லுங்க."

சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அன்றே செய்தியை மாற்ற உட்கார்ந்தேன். மறுத்த மெஷின் எது, ஏன், அப்போது வழியை அடைத்துக்கொண்டிருந்த வேலை எது, அதை ஓட்டியது யார் என்று எல்லாம் வர வேண்டும். ஒரு டிக்கெட்டுக்கு மூன்று ஊர் லாகிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

விடாக்டோ தெம்பே வறுவலை மென்றபடி பின்னால் நின்று பார்த்தார். "பேரப் போட்டு மானத்த வாங்கணுமாம்மா?"

"மெஷினுக்கு ஏது பாக் மானம்? யோபிக்குத்தான் வேல போகுது."

மனிதர் வறுவலைக் கீழே வைத்தார். மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்.

கூட்டம் வருவதற்குள் புதுச் செய்திகள் வந்து குவிந்துவிட்டன. யோபி அம்போனிலிருந்து அழைப்பில் இருந்தான். "அம்போன் எத்தன தடவ மறுத்திருக்குன்னு காட்டுங்க, முடிச்சிடலாம்" என்றார் இபு எண்டாங்.

திரையில் போட்டேன். மேலதிகாரியின் மானம் சுவர் முழுக்கத் தெரியும்போது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தேநீர் ஞாபகம் வந்துவிடும். நானும் குவளையைத் தூக்கினேன். வெட்கமாக இருந்தது.

தொண்டையைச் செருமியவர் விடாக்டோ. எழுந்து நின்று வாசித்தார்.

"மறுத்தது: சுரபாயா. காரணம்: இருக்கைப் பட்டியல் பூட்டப்பட்டிருந்தது. பூட்டிய வேலை: மணிக்கொரு விற்பனை அறிக்கை. ஓட்டியவர்: எண்டாங். மக்காசார்: சரி. அம்போன்: சரி."

இபு எண்டாங் ஆசையாகப் பார்க்கும் அறிக்கை அது. ஒவ்வொரு மணிக்கும் எல்லா இருக்கைகளையும் பிடித்து வைத்துக்கொண்டு எண்ணியிருக்கிறது.

"மத்ததெல்லாம்?" என்றார் அவர்.

"எல்லாமே இதுதான், இபு" என்றார் விடாக்டோ.

அவர் பேனாவை மூடினார். அறிக்கையை நிறுத்தச் சொன்னார். அம்போனை மூடும் பேச்சை எடுக்கவில்லை.

அழைப்பில் யோபியின் குரல் வந்தது. "பாக், அத இன்னொரு தடவ வாசிங்க."

"ஏம்ப்பா, நெட் விட்டு விட்டு வருதா?"

"இல்ல பாக், நல்லாவே கேட்டுச்சு. இருந்தாலும் வாசிங்க."

விடாக்டோ இபு எண்டாங்கைப் பார்க்காமல், முதலிலிருந்து வாசித்தார்.