ஜாரிச் சந்தியில் ஒருவர்

...ஆணா பெண்ணா என்றாவது சொல்லித் தொலைக்க வேண்டாமா, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், சைக்கிளில் போனவர், ஜாரி வீதியும் கெர்ப் வீதியும் சந்திக்கிற இடத்தில் காலை ஆறே முக்காலுக்குக் கார் அடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார், அவ்வளவுதான், ஒரு மூச்சில் முடித்துவிட்டு வானொலிக்காரி அதே குரலில் ஆறு பாகை, பின்னேரம் மழை என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு போய்விட்டாள், அவளுக்கென்ன, அம்புறோஸ் தேநீருக்குப் போட்ட சீனியைக் கலக்காமல் கரண்டியைப் பிடித்தபடி குசினியில் நின்றார். பிரிந்துபோன மனைவி மாக்கிரட் அந்தச் சந்தியால்தான் போகிறாள், ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில், பச்சைச் சைக்கிள், முன்னால் பிரம்புக் கூடை, சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற கார்டெரியில் அவளுக்கு வேலை. இதெல்லாம் உமக்கெப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால்? அவரும் அதே நேரம் அதே வழியால்தான் பேக்கரி வேலைக்குப் போகிறார், இருநூறு மீற்றர் பின்னால், அவளுடைய சிவப்பு லைற்றைப் பார்த்துக்கொண்டு... குறுக்கு வழி ஒன்று இருக்கிறது, பத்து நிமிடம் மிச்சம், ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய? இன்றைக்கு மட்டும் கூட வேலை செய்கிற யோசெப்புக்காகப் பின்னேர வேலைக்கு மாறிக்கொண்டார், இன்றைக்கென்று பார்த்து. அவர் பின்னால் போகாத ஒரு நாள்.

போன் எடுக்கலாம். நம்பர் மனப்பாடம். "அவசரம் எண்டால் மட்டும் எடுங்கோ" என்று நத்தார்ப் பண்டிகைக்குக் கதைத்தபோது சொல்லியிருந்தாள், கோபமாகக் கூட இல்லை, கார்டெரியில் பெற்றோருக்குச் சொல்வதைப் போல. இது அவசரம்தானே? அவள் எடுத்து "ஓம், சொல்லுங்கோ" என்றால் என்ன சொல்வது, உயிரோடு இருக்கிறீரா என்று கேட்கத்தான் எடுத்தேன் என்றா... சரி, எடுக்காவிட்டால்? அடித்து அடித்து ஓய்ந்துவிட்டால்? அதுதான், அதற்குத்தான் பயம், போனைக் கையில் எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டு, பெயரைப் பார்த்து, வைத்துவிட்டார். மகள் லக்சனா ஒட்டாவாவில், அவளிடம் கேட்கலாமென்றால் "அப்பா, அம்மாவைப் பற்றி என்னட்டைக் கேக்காதேங்கோ, அம்மாட்டையும் நான் உங்களைப் பற்றிக் கதைக்கிறேல்லை" என்று நீதிபதி போல முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, அம்புறோஸ் இரும்புப் படிகளில் இறங்கிச் சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார், எப்போது சப்பாத்துப் போட்டார், கதவைப் பூட்டினாரா, ஒன்றும் நினைவில்லை.

இந்தச் சைக்கிள் ஒரு கதை, அவள் போன பிறகுதான் வாங்கினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யோசெப் இன்றைக்கும் நக்கலடிப்பான். நாலு வருடத்துக்கு முன்னால் கார் நிறுத்த இடமில்லாமல் சைக்கிள் பாதை போடுகிறார்கள் என்று பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரம் முழுக்கக் கொதித்தபோது, பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் பாதை வேண்டாமென்று கையெழுத்து வாங்கினார்கள், முதல் பக்கத்தில் மூன்றாவது கையெழுத்து அம்புறோசுடையது, உள்ளூர்ப் பேப்பரில் படம் கூட வந்தது, எதிர்ப்பு மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி. அதே கிழமைதான் மாக்கிரட் பழைய சைக்கிள் ஒன்று வாங்கி வந்தாள். ஐம்பத்திரண்டு வயதில். வீட்டில் விருந்தினர் இருந்தார்கள், அவர் சிரித்தார், "விழுந்தால் தூக்கிறதுக்கு நாலு பேர் வேணும் உமக்கு" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தமாதிரித்தான் இருந்தது... இருந்ததா? அவள் முகத்தை அவர் பார்த்தாரா? அடுத்த வருடம் தெப்பனர் என்கிற, பால் பாண் விற்கிற சின்னக் கடையொன்றின் மேல்மாடியில் ஒற்றை அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு சைக்கிளுக்காகவா வீட்டை விட்டுப் போவாள் ஒருத்தி, சந்தி சிரிக்க வைத்துவிட்டாளே என்று கேட்காத ஆள் இல்லை, ஊர் வாயை மூட உலைமூடி ஏது. "சைக்கிளுக்காக இல்லை" என்று மட்டும் சொன்னாள், வேறு எதற்காக என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை என்று அவருக்கே இப்போதுதான் தெரிகிறது.

காற்று எதிர்க்காற்று. பனி கரைந்து தெருவோரமெல்லாம் குளிர்காலத்து மண்ணும் குப்பையும், பேக்கரிக்குப் போகிற நாட்களில் இவ்வளவு மூச்சு வாங்குவதில்லை, மாதாவே, அவளாக இருக்கக் கூடாது, அவளாக மட்டும் இருக்கக் கூடாது, வேறு யாராவது என்று வேண்டுவதும் பாவமா, அந்த வேறு யாருக்கும் வீட்டில் ஒருவர் தேநீரோடு நிற்பாரே... ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் அவள் இடப்பக்க வாங்கில், அவர் வலப்பக்கம், சுவாமி ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்றதும் எல்லோரும் திரும்பித் திரும்பிக் கும்பிடுவார்கள், அவளும் திரும்புவாள், முன்னால், பின்னால், பிறகு நடுப்பாதையைத் தாண்டி அவருடைய பக்கம், யாரையும் விட்டுவிட்டுக் கும்பிட முடியாதல்லவா, அந்த ஒரு வினாடிக்காகத்தான் அம்புறோஸ் திங்கள் தொடங்கிச் சனி வரைக்கும் இருக்கிறார், அதை வெட்கமில்லாமல் சொல்லலாம். போன ஞாயிறு கும்பிட்டது அவரையா, அவருக்குப் பின்னால் நின்ற யோசெப்பையா? தலை கொஞ்சம் அவர் பக்கம் சாய்ந்தமாதிரி இருந்தது. முழுக் கிழமையும் அதை வைத்துக்கொண்டுதான் ஓட்ட இருந்தார், இன்றைக்குச் செவ்வாய்தான். வெள்ளை லொறியொன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு உரசிப் போனது, சிவப்பு விளக்கில் போயிருக்கிறார், பரவாயில்லை, இன்னும் இரண்டு குறுக்குத் தெரு.

பொலிஸ் கார் ஒன்று. மஞ்சள் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பத்தில் சாய்த்து வைத்திருந்த சைக்கிள்... கறுப்பு. நடுக்கம்பி வைத்தது, கூடை இல்லை. அம்புறோஸ் இரண்டு தரம் பார்த்தார், மூன்றாம் தரமும் பார்த்தார், சைக்கிளிலிருந்து இறங்கி நடைபாதைக் கல்லில் ஒரு காலை ஊன்றிக்கொண்டார், கறுப்பு, கறுப்பு, தோத்திரம் ஆண்டவரே. நாடா சுருட்டியவனைக் கேட்டபோது கால்தான் முறிந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை என்றான், இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு உறவினரா என்றும் கேட்டான். இல்லை என்று தலையாட்டினார். அப்போதுதான் வீதிக்கு அந்தப் பக்கம் பிறேக் கிறீச்சிட்டது, பச்சைச் சைக்கிள், பிரம்புக் கூடை, கூடைக்குள் ஒன்றுமில்லை, மாக்கிரட் கம்பத்தில் சாய்ந்திருந்த கறுப்புச் சைக்கிளைப் பார்த்தபடி நின்றாள், பிறகுதான் இவரைக் கண்டாள்.  சைக்கிளை உருட்டிக்கொண்டு கடந்து வந்தாள், மூச்சு வாங்கியது, மூன்று வருடத்தில் இவ்வளவு கிட்டே இன்றைக்குத்தான்.

"வேலைக்குப் போகேல்லையோ?" என்றாள்.

"பின்னேரத்துக்கு மாத்தினனான். நீர்?"

"எனக்கு இண்டைக்கு லீவு." நாடா சுருட்டுகிறவனைப் பார்த்தாள். "ஆராம்?"

"தெரியேல்லை. கால்தான் முறிஞ்சதாம், உயிருக்கு ஒண்டுமில்லையாம்."

"மாதாவே" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார், வானொலியில் கேட்டு ஓடி வந்தேன் என்றோ, வேறு எதற்காக அன்றைக்குப் போனீர் என்றோ, அதற்குள் அவள் அவருடைய தலையைப் பார்த்தாள்.

"ஹெல்மெட் எங்கை?"

தலையைத் தடவிப் பார்த்தார். இல்லை. "மறந்துபோனன்."

"மறக்கிற சாமானோ அது? இந்தச் சந்தியிலை வந்து நிண்டுகொண்டு மறந்துபோனாராம்." குரல் ஏறி நடுங்கியது, அவளே அதை அடக்கிக்கொண்டாள். "உருட்டிக்கொண்டே போங்கோ. ஏறக்கூடாது. நான் போட்டு வாறன்."

ஓம் என்றார், குழந்தை போல. அவள் சைக்கிளைத் திருப்பி ஏறினாள், வந்த வழியாலேயே, அம்புறோஸ் பார்த்துக்கொண்டு நின்றார், கோட்டின் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது, பெடல் மேலே வந்தபோது காலைக் கண்டார், சப்பாத்தில்லை, வீட்டுக்குள் போடுகிற நீல றப்பர் செருப்பு, சொக்ஸ் கூட இல்லாமல், இந்தக் குளிரில்... குப்பை போட வாசலுக்கு இறங்கினாலும் சப்பாத்துப் போட்டு நாடா கட்டுகிறவள் அல்லவா, அதற்காக எத்தனை தரம் அவர் வாசலில் நின்று முணுமுணுத்திருப்பார். பால் முடிந்திருக்கும், வாங்க இறங்கியிருப்பாள். ஆனால் பால் விற்கிற கடை அவள் வீட்டுக்கு நேர் கீழே, கூடையிலும் ஒன்றுமில்லை, லீவு நாளில் விடிய ஏழரைக்கு ஒரு மனுசி வீட்டுச் செருப்போடு சைக்கிளில் எங்கே போவாள்... அவளும் வானொலி கேட்பாளோ, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஆறே முக்கால், ஜாரிச் சந்தி... கேட்டிருந்தாலும், இந்த மூன்று வருடத்தில் ஒருநாள், ஒரேயொரு நாள் கூடத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போனவளுக்கு, பின்னால் அவர் வருகிறார் என்று யார் சொன்னது?