மீன் வண்டியில் இருநூற்று நாற்பது கபாப்

ஃப்ரீசர் காலியாக இருந்தது.

ஜெனிட்டா மூடியைச் சாத்தினாள். மறுபடி திறந்தாள், இரண்டாம் தடவை திறந்தால் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும் என்பது போல. அடியில் கொஞ்சம் தண்ணீர், ஒற்றைப் பட்டாணி, அவ்வளவுதான். வியாழனும் வெள்ளியும் உட்கார்ந்து தட்டி, நான்கு டப்பாக்களில் அடுக்கி வைத்த இருநூற்று நாற்பது பச்சை கபாபையும் காணோம்.

மணி பன்னிரண்டே கால். சாயங்காலம் ஐந்தரைக்கு மாமல்லபுரத்து ரிசார்ட்டில் அவை எண்ணெயிலிருந்து பசேலென்று இறங்கியாக வேண்டும். பாலக், பட்டாணி, உருளைக்கிழங்கு, இஞ்சி, கொத்தமல்லி. வெங்காயம், பூண்டு கிடையாது. முன்கூட்டியே செய்து கல்லாக உறைய வைத்து, உறைந்தபடியே எண்ணெயில் போட்டால்தான் நிறம் நிற்கும். உருகிவிட்டால் வாணலியில் பிரிந்து கூழாகிவிடும்.

ஆர்டர் கொடுத்தவள் மானசா. செங்கல்பட்டுக் கல்லூரியில் ஜெனிட்டாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இன்று அவள் அப்பா ஆராவமுதனுக்கு அறுபதாம் கல்யாணம். காலையில் ஹோமம், மாலையில் விருந்து. பத்திரிகை பச்சை, மேஜைத் துணி பச்சை, அம்மாவின் புடவை பச்சை. அதனால் விருந்தாளி கையில் விழும் முதல் பலகாரமும் பச்சையாக இருக்க வேண்டும் என்பது மானசாவின் பிடிவாதம். அந்த வீட்டு விசேஷங்களுக்கு இதுவரை பரம்பரைச் சமையல்காரர்களைத் தவிர வேறு யாரும் கரண்டி பிடித்ததில்லை. கோயில் கைங்கரியக் குடும்பம். அத்தைகள் முகத்தைச் சுளித்தார்கள். ஜெனி வீட்டில் நான் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன் என்று மானசா அடித்துச் சொன்னாள்.

ஆராவமுதன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீ சாப்பிட்டிருக்கேன்னா நானும் சாப்பிடறேன்" என்றாராம்.

மானசா இதைச் சிரித்துக்கொண்டேதான் போனில் சொன்னாள். ஜெனிட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு வாக்கியம் இரண்டு வாரமாக அவள் வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. புது வாணலி வாங்கினாள். புதுக் கரண்டி, புது டப்பா. வீட்டில் ஒரு வாரமாக மீனே கிடையாது. கூப்பிடு தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு, சதுரங்கப்பட்டினத்தில், அவள் மாமியார் மேரி ஏழு நாள் சாம்பார் சாப்பிட்டாள். அதைத் தெரு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று.

மேரி குடத்தோடு உள்ளே வந்தாள். எட்டு மணிக்கே கரண்ட் போய்விட்டதாம். டிரான்ஸ்பார்மர் புகைந்ததாம். இனி நாளைக்குத்தானாம். செங்கல்பட்டுக்குப் பாக்குமட்டைத் தட்டு வாங்கப் போன மருமகள் திரும்பி வருவதற்குள் இதெல்லாம் நடந்து முடிந்திருந்தது.

"கபாப் எங்க அத்தை?"

"பயப்படாதடி. எல்லாம் பத்திரமா கீது. சின்னையன் ஐஸ் பொட்டியில வெச்சிட்டேன்."

சின்னையன் மீன்காரர்.

அந்தத் தெருவில் கரண்ட் போனால் அதுதான் வழக்கம். பால், இட்லி மாவு, சர்க்கரைக்காரர்களின் ஊசி மருந்து எல்லாமே யாராவது ஒரு மீன்காரரின் ஐஸ் பெட்டிக்குப் போய்விடும். இதில் இரண்டாம் யோசனைக்கே இடமில்லை. மேரியும் யோசிக்கவில்லை. அந்த வெயிலில் நான்கு டப்பாவையும் இரண்டு நடையாகச் சுமந்திருக்கிறாள். முந்தானை இன்னும் ஈரமாக இருந்தது. அவளை என்ன சொல்லித் திட்டுவது?

ஜெனிட்டா கரைக்கு ஓடினாள். டச்சுக் கோட்டைச் சுவரோரம் சின்னையனின் குட்டி யானை மீன் வண்டி நிற்கும் இடத்தில் டயர் தடம் மட்டும் இருந்தது. லோடு ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் முன்னால் போய்விட்டதாக ஐஸ் உடைப்பவர் சொன்னார். மாமல்லபுரம் ஹோட்டல்கள், அப்புறம் முட்டுக்காடு. சின்னையனின் போன் அணைந்திருந்தது. கரண்ட் இல்லாத ஊரில் அவர் மட்டும் எங்கே போய்ச் சார்ஜ் போடுவார்?

அவள் புருஷன் ஜோயல் பைக்கை முறுக்கினான். புதுப்பட்டினம், கல்பாக்கம் தாண்டி ஈ.சி.ஆரில் வெயில் உச்சந்தலையில் அடித்தது. முன்னால் போகும் ஒவ்வொரு குட்டி யானையும் சின்னையனுடையது போலத் தெரிந்தது. ஒன்றில் சிமென்ட் மூட்டை. ஒன்றில் ஷாமியானா. மாமல்லபுரத்தில் மூன்று ஹோட்டல்களின் பின்வாசலில் விசாரித்தார்கள். மூன்றிலும், இப்போதுதான் போனார் என்ற பதில். ஜெனிட்டா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஐஸ் எத்தனை மணி நேரம் தாங்கும், பெட்டியை எத்தனை தடவை திறப்பார், திறக்கும்போது டப்பாவைத் தூக்கி எங்கே வைப்பார். வெயிலிலா, மீன் மேலேயா?

இரண்டு மணிக்கு, முட்டுக்காடு படகுத்துறைக்கு எதிரே டீக்கடையில் சின்னையன் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"இன்னாமா, இம்மாந்தூரம்? மேரியக்கா பத்திரம்னு சொல்லிச்சு. எறக்கி வெச்சா உருகிப்பூடுமேன்னு கூடவே எடுத்தாந்தேன். திரும்பி வரச்சொல்லோ ரிசார்ட்டாண்ட நானே குடுத்துடலாம்னு இருந்தேன்."

பெட்டியைத் திறந்தார். மேலே வஞ்சிரம், நடுவே ஐஸ், அதன் கீழே நான்கு டப்பாக்கள். ஜெனிட்டா ஒன்றை வெளியே எடுத்தாள். மூடியின் மேல் இளஞ்சிவப்பாக ஐஸ் தண்ணீர். ஓரத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டுத் திறந்தாள்.

கல் மாதிரி உறைந்து, பசேலென்று, அவள் தட்டியது தட்டியபடி இருந்தது. ஒரு சொட்டு கூட உள்ளே போகவில்லை. முகர்ந்து பார்த்தாள். இஞ்சியும் கொத்தமல்லியும்தான் வந்தன. வாடை அடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

"மூடி டைட்டா கீது ஜெனி," என்றான் ஜோயல். "டப்பாவ எலுமிச்ச போட்டுக் கழுவிட்டா முடிஞ்சுது. உள்ள ஒண்ணும் ஆவல. யாருக்குத் தெரியப் போவுது?"

அவன் சொன்னதில் தப்பில்லை. யாருக்கும் தெரியாது. சின்னையன் தலையைத் திருப்பிக்கொண்டு படகுகளைப் பார்த்தார்.

ஜெனிட்டா மானசாவைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மறுமுனையில் நாதஸ்வரக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்.

"டப்பா மூடித்தானே இருந்தது?" என்றாள் மானசா. "நீ எதுவும் சொல்லல. நான் எதுவும் கேக்கல. கொண்டு வா."

"அப்பா கேட்டா?"

"கேக்க மாட்டார். அவர் என்னை நம்பறார்."

"அதுதான்டி எனக்குப் பயமா இருக்கு."

மானசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தைகள் எல்லாரும் வந்தாயிற்று, இப்போது போய் இதைச் சொன்னால் நான் அப்போதே சொன்னேன் என்று ஆரம்பிப்பார்கள், என்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள், உன்னைத்தான் சொல்வார்கள் என்று படபடத்தாள். அவள் சொன்னதும் உண்மை. அந்த அத்தைகள் என்ன சொல்வார்கள், யாரைப் பார்த்துச் சொல்வார்கள் என்பது ஜெனிட்டாவுக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும்.

"அப்பாகிட்ட போனைக் குடு," என்றாள்.

ஆராவமுதன் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: "யாரும்மா அதைக் கொண்டு போய் வெச்சது?"

"எங்க அத்தை சார். கெட்டுப்போயிடக் கூடாதுன்னு."

"நான் சாப்பிட மாட்டேன்மா. வர்றவாளுக்கும் கொடுக்க வேண்டாம். வேற ஏதாவது உன்னால பண்ண முடியுமோ?"

"பண்றேன் சார்." மனசு யோசிப்பதற்குள் நாக்கு சொல்லிவிட்டது.

போன் வைக்கப்பட்டது. கோபமா, வருத்தமா, அவர் குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

கபாப்களைத் தங்கள் தெருவுக்கே கொடுத்துவிடச் சொல்லி சின்னையனிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். மணி இரண்டே முக்கால். நூற்றிருபது பேர். அரைத்துத் தட்டி உறைய வைக்கும் பலகாரம் எதுவும் இனி நடக்காது. மாமல்லபுரம் மார்க்கெட்டில் பிற்பகல் கீரை வாடித் தொங்கியது. நான்கு கடை ஏறி, இருந்ததில் திடமான பாலக்காகப் பொறுக்கினாள். கடலை மாவு, கொத்தமல்லி, பச்சை மிளகாய் வாங்கினாள். மல்லியையும் மிளகாயையும் பச்சையாக அரைத்து மாவில் கலந்தால் பஜ்ஜிக்கும் பச்சை வந்துவிடும். முழு இலையாக முக்கிப் போடலாம். ஆனால் பத்து நிமிஷத்தில் துவண்டுவிடும். முன்கூட்டி ஒன்று கூடச் செய்து வைக்க முடியாது. தட்டு நீளும்போதுதான் எண்ணெயில் விழ வேண்டும்.

ரிசார்ட் சமையலறையில் ஓர் ஓரத்து அடுப்பைக் கொடுத்தார்கள். ஜோயல் வீட்டுக்குப் போய்ப் புது வாணலியையும் கரண்டியையும் தட்டுகளையும் எடுத்து வந்தான். இரவுச் சாப்பாட்டைச் சமைக்க வந்திருந்த பரம்பரைச் சமையல்காரர்கள் வேலையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். முதல் இலை கறுத்தது. இரண்டாவதில் மாவு நிற்கவில்லை. கொஞ்சம் அரிசி மாவு சேர்த்தாள். மூன்றாவது மொறுமொறுவென்று பச்சையாக மிதந்தது. மானசா பட்டுப் புடவையோடு வந்து நின்றாள். வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிக்கொண்டு இலை ஆயத் தொடங்கினாள்.

ஐந்தே முக்காலுக்கு முதல் தட்டு வெளியே போனது. ஜெனிட்டா கதவு இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

ஆராவமுதன் ஒன்றை எடுத்தார். வாய்க்குக் கொண்டு போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் அக்கா, மானசாவின் அத்தை, சமையலறைக் கதவைக் காட்டி அவர் காதருகே குனிந்து என்னவோ சொன்னாள். நிறையவே சொன்னாள். அவர் தலையை ஆட்டியபடி முழுக்கக் கேட்டார்.

கேட்டு முடித்துவிட்டு, அவர் கடித்தார். மெதுவாக மென்றார். மறுபடி தட்டைப் பக்கம் இழுத்து இன்னொன்றை எடுத்துக்கொண்டார். அக்கா எடுக்கவில்லை; அவள் கைகள் மடியிலேயே இருந்தன.

"எண்ணெய் புகையறது பாரு," என்றாள் பின்னாலிருந்து மானசா.

ஜெனிட்டா ஓடி வந்து தீயைக் குறைத்தாள். அடுத்த இலையை மாவில் முக்கி எண்ணெயில் விட்டாள்.