இந்திய நேரத்தோடு ஒரு மணி

ரங்கூன் தாமுவேயில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு வராவிட்டாலும் ஒரு கணக்கு மட்டும் பிசகாது. இந்திய நேரம் என்றால் ஒன்று கூட்டு. சென்னைத் தொலைக்காட்சியில் எட்டு மணித் தொடர் என்றால் எங்களுக்கு ஒன்பது. அங்கே கிரிக்கெட் மூன்று மணிக்கு என்றால் இங்கே நாலு. யாரும் யோசித்துக் கூட்டுவதில்லை, தும்மல் வந்தால் கை மூக்குக்குப் போவதுபோலத் தானாக நடக்கும். என் மனைவி ஸமீராவும் அன்று அப்படித்தான் கூட்டினாள். கூட்டலில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் பெயர் அமீர் அலி. சந்தையை ஒட்டி பாட்டரியும் இன்வெர்ட்டரும் விற்கிறேன். ஊர் இருண்டால்தான் என் கடையில் வெளிச்சம். நீ கொடுத்து வைத்தவன் என்று ரங்கூனில் பாதிப்பேர் என்னைத் திட்டிக்கொண்டே வாங்கிப் போகிறார்கள்.

ஸமீரா வீட்டிலிருந்தே சென்னைச் சுற்றுலாக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்தாள். ஐரோப்பா பார்க்கப் போகிற தமிழர்கள்தான் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். கூடவே ஒரு வழிகாட்டியை அனுப்பினால் செலவு என்று, கம்பெனிக்காரர்கள் வழிகாட்டியைக் கைபேசிக்குள் வைத்துவிட்டார்கள். இங்கே திரும்புங்கள், இந்தப் படியில் ஏறுங்கள், இப்போது கிளம்புங்கள் என்று செய்தி வரும். சந்தேகம் இருந்தால் கம்பெனியின் செயலிக்குள்ளேயே கூப்பிட்டும் பேசலாம், யாருடைய எண்ணும் யாருக்கும் தெரியாது. அந்தக் கைபேசி வழிகாட்டி என் மனைவி. திரையில் அவள் பெயருக்குக் கீழே 'உள்ளூர் உதவி மையம்' என்று இருக்கும். எந்த உள்ளூர் என்று எழுதவில்லை, ஆகவே பொய் இல்லை என்பது கம்பெனியின் நியாயம். ரங்கூன் என்று வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

அவளுக்குக் கொடுத்திருந்தது பிரான்ஸ் நாட்டுக் கடற்கரையில் ஒரு விரிகுடா. நடுவில் ஒரு தீவு, தீவின் உச்சியில் ஆயிரம் வருஷத்துப் பழைய மடம். தண்ணீர் இறங்கிவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். ஏறிவிட்டால் கடல். கரையோரமாகப் பழைய காவல்காரர்கள் நடந்த பாதை ஒன்று போகிறது. அதில் நடந்துபோய், ஒரு கிராமத்தின் பக்கம் மணலில் இறங்கி, தள்ளியிருக்கும் ஒரு சின்னப் பாறை வரைக்கும் போய்த் தீவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். ரங்கூன் எல்லையில் இருக்கும் ஷ்வேப்யிதாவுக்கு அந்தப் பக்கம் போகாதவள், அந்தப் பாதையில் எந்த வளைவில் எந்தப் புல் இருக்கிறது என்று சொல்வாள்.

"அங்க தண்ணி முன்னாடியிருந்து அலையா வராதுங்க. மொதல்ல நமக்குப் பின்னாடி இருக்கிற ஓடையெல்லாம் நெறயும். நாம பாட்டுக்குக் கடலைப் பாத்துக்கிட்டு நிப்போம், கரை போயிரும்" என்று ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

அதனால் 'இனி திரும்புங்கள்' என்ற செய்தியை நேரம் பார்த்து அவள் கையால் அனுப்ப வேண்டும். நேரம் தினமும் மாறும். ரங்கூனில் இதே வேலை பார்த்த பெண்களுக்குத் தலைவனாக இன்சீன் பக்கம் கணேஷ்குமார் என்று ஒருவன் இருந்தான், 'கோ' என்று பர்மிய வழக்கத்தில் அண்ணன் முறை வைத்துத்தான் பெண்கள் அவனைக் கூப்பிடுவார்கள். கம்பெனி இந்திய நேரத்தில் சொல்வதை அப்படியே அனுப்புவான், பெண்கள் ஒன்று கூட்டிக்கொள்வார்கள். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் கூட்ட மறந்து ஒரு மணி முன்னாலேயே ஆட்களைத் திருப்பிவிட்டாள். காசு கொடுத்து வந்தவர்கள் காய்ந்த மணலைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்று கத்தியிருக்கிறார்கள். அதனால் அன்று கணேஷ்குமார் தானே ஒன்று கூட்டி, நாலு மணியை ஐந்து மணியாக்கி அனுப்பினான். கூட்டியதை யாரிடமும் சொல்லவில்லை. உபகாரம் செய்கிறவன் சொல்லிக்காட்டக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ. ஸமீரா ஐந்தைப் பார்த்தாள், ஆறு என்று வைத்துக்கொண்டாள்.

நல்ல மழைக்காலம். அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து லப்பேயே குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் டீக்கு அதுதான் பெயர். ஸமீரா ஆறு மணிக்குச் செய்தியை அனுப்பினாள். அனுப்பின கையோடு அழைப்பு வந்தது.

"ஏம்மா, இப்பதான் திரும்பச் சொல்லுதிய? எங்களுக்கும் கரைக்கும் நடுவுல தண்ணி ஓடுதே! வரும்போது இங்க ஈரங்கூட இல்லயேம்மா."

திருநெல்வேலிக்காரர், பெயர் நல்லையா. ஓய்வுபெற்ற பிறகு மனைவி சாந்தகுமாரியோடு முதல்முதலாக வெளிநாடு வந்தவர். காலையிலிருந்து அவரோடு பேசிப் பேசி ஸமீராவுக்கு அவர் பேரன் பெயர்கூடத் தெரியும்.

"ஐயா, பாறை மேல ஏற முடியுமா?"

"பாறைய விட்டு வந்து பாதி வழி ஆச்சு. இவளுக்கு முட்டி வலி, மெல்லத்தான் நடப்பா. அதான் நீங்க சொல்லுததுக்கு முந்தியே கெளம்பிட்டோம்."

ஸமீரா என் கைபேசியைப் பிடுங்கிக் கணேஷ்குமாரைக் கூப்பிட்டாள். "கோ கணேஷ், இன்னைக்குப் போட்டது இந்திய டைமா, நம்ம டைமா?"

"நம்ம டைம்தான். நானே ஒன்னு கூட்டிப் போட்டேன். ஒங்களுக்கு ஏன் செரமம்னு."

பாராட்டை எதிர்பார்க்கிற குரல். ஸமீரா கைபேசியை என் மடியில் போட்டாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. ஒன்றை இரண்டு பேரும் கூட்டியிருந்தார்கள்.

அந்த நாட்டு அவசர எண்ணை நான் என் கைபேசியில் அடித்துப் பார்த்தேன். பர்மிய மொழியில் ஒரு பதிவுக் குரல், நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்றது. அது அந்த ஊருக்குள்ளிருந்து அடித்தால்தான் வேலை செய்யும். ஸமீரா நல்லையாவையே அடிக்கச் சொன்னாள். அவர் அடித்துவிட்டுத் திரும்ப அழைத்தார்.

"இங்கிலீஷ்ல எங்க நிக்கிய, எங்க நிக்கியன்னு கேக்காங்க. மணல்ல நிக்கேன்னேன். வேற என்னத்தம்மா சொல்ல?"

வரைபடத்தில் நீலப் புள்ளியைத் தொட்டால் இரண்டு எண்கள் வரும், அதை வாசியுங்கள் என்றாள். அவருக்கு மூன்று தடவை தப்பியது. நாலாவது தடவை கிடைத்தது. அவர் மறுபடி அங்கே பேசிவிட்டு வந்து, ஹெலிகாப்டர் வருகிறதாம் என்றார். எப்போது வரும் என்று சொல்லவில்லை. நான் 'அல்லாவே' என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"ஏம்மா, நீங்க அந்தத் தீவுக்குக் கீழ ஆபீஸ்லதான இருக்கிய? எங்களுக்கு அந்தக் கோபுரமே தெரியுது. ஒரு போட்டு அனுப்பப்படாதா? நாலு ஆம்பளையள வரச் சொல்லுங்களேன்."

ஸமீரா என்னைப் பார்த்தாள். நான் பாட்டரிக்காரன். என்னால் என்ன செய்ய முடியும்? தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று என் வாப்பா எதற்கெடுத்தாலும் சொல்வார். அந்தச் சமயத்தில் அந்தப் பழமொழி ஞாபகம் வந்ததற்காக என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இங்கதான் இருக்கேன் ஐயா. வச்சிராதீங்க. பேசிக்கிட்டே இருங்க" என்றாள்.

பிறகு அந்த அம்மாள் குரல் கேட்டது. அழுகை இல்லை. வீட்டு வாசலில் சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்ட மாதிரிச் சொன்னாள்: "தாயி, கால் புதையுது. உருவ வரல."

"இழுக்காதீங்கம்மா. பின்னால சாஞ்சு உக்காருங்க. ஐயா, அவங்க கையப் புடிங்க, காலை மெல்ல ஆட்டச் சொல்லுங்க."

"உக்காந்தா தண்ணி நெஞ்சு வரைக்கும் வருதே தாயி."

கம்பெனி கொடுத்த குறிப்பில் தண்ணீர் இல்லாத மணலுக்குத்தான் வழி எழுதியிருந்தது.

அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் கரண்ட் போனது. "மீ பியத்!" என்று கீழ்வீட்டுப் பிள்ளைகள் வழக்கம்போலக் கூவினார்கள். எங்கள் வீட்டில் விளக்கு அணையவில்லை. மின்விசிறி நிற்கவில்லை. கடையிலேயே பெரிய பாட்டரியை எனக்காகத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் முக்குத் தெரு டவருக்கு யார் பாட்டரி வைப்பது? அது செத்தது. அழைப்பு அறுந்தது.

ஸமீராவின் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். ஒரு கோடுகூட இல்லை. மழையில் நனைந்து காஜா மைதீன் டீக்கடைக்கு ஓடினேன், அவரிடம் வேறு கம்பெனி சிம் உண்டு. அதுவும் இல்லை. அடுத்த தெரு, அதற்கடுத்த தெரு என்று கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பைத்தியக்காரன் மாதிரி அலைந்தேன். திரும்பி வந்தபோது ஸமீரா காதில் மாட்டியதைக் கழற்றாமல், விளக்கு வெளிச்சத்தில், "ஐயா... ஐயா..." என்று அறுந்த இணைப்பைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இணைப்பு வந்தபோது திரை முழுக்க அவருடைய தவறிய அழைப்புகள். இவள் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

கணேஷ்குமார் அழுதுகொண்டே நடந்ததைக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டான். அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் யாரும் வாடிக்கையாளரோடு பேசக் கூடாது என்று பதில் வந்தது. மறுநாள் அந்த நாட்டுச் செய்தித்தாளைக் கைபேசியிலேயே மொழிமாற்றிப் படித்தோம். மணலில் சிக்கிய இந்தியத் தம்பதியில் கணவர் மீட்கப்பட்டார், மனைவி இறந்தார். நேரத்தைக் கவனிக்காமல் மணலில் இறங்குவது ஆபத்து என்று கடைசியில் ஒரு புத்திமதி. ஸமீரா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நான் கைபேசியை வாங்கி வைத்தேன். அன்று அவள் சாப்பிடவில்லை, நான் வற்புறுத்தவுமில்லை.

செயலியில் அவளுடைய கணக்கைக் கம்பெனி முடக்கிவிட்டது. முடக்கியதையாவது முழுசாக முடக்கினார்களா, அதுவும் இல்லை. வருகிற செய்தியைப் படிக்கலாம், பதில் எழுதினால் போகாது. அது தெரியாமல் இரண்டு நாள் கழித்து நல்லையா எழுதினார். ஸமீரா அடுப்படியிலிருந்து கைபேசியை நீட்டியபடி வந்தாள்.

'அம்மா வணக்கம். சாந்தா போயிட்டா. நாளைக்கு ஊருக்குக் கொண்டுபோறோம். எங்க மகன் உங்க கம்பெனி மேல கேஸ் போடணும்னு குதிக்கான். நான் வேண்டாம்னுட்டேன். நீங்க நேரத்துக்குத்தான் சொல்லிருப்பிய. முட்டி வலிக்காரிய நான்தான் அவ்வளவு தூரம் இழுத்துட்டுப் போனேன். லைன் கட்டாகுத வரைக்கும் நீங்க பேசிக்கிட்டே இருந்திய. அந்தப் பிள்ளைக்கு ஒரு நன்றி சொல்லிரணும்னு சாந்தா சொன்னா. நேர்ல பாத்துச் சொல்லணும்னு வந்திருக்கேன். தீவுக்குக் கீழ தெருவெல்லாம் பாத்துட்டேன். ஆபீஸ் எதுன்னு தெரியல.'

ஸமீரா அப்படியே தரையில் உட்கார்ந்து எழுதினாள். 'ஐயா, உங்க மேல தப்பு இல்ல. நேரத்த நாங்கதான் தப்பாச் சொன்னோம். நான் ரங்கூன்ல இருக்கேன்.' அனுப்பினாள். சிவப்பாக ஒரு குறி வந்தது. மறுபடி அனுப்பினாள். நான் என் கைபேசியில் புதுக் கணக்குத் தொடங்கப் பார்த்தேன், பயணச் சீட்டு எண் கேட்டது. கம்பெனியைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. கணேஷ்குமாருடைய கணக்கும் முடங்கிக் கிடந்தது. கோபத்தில் இன்னார் என்று பார்க்காமல் எல்லாரையும் ஏசினேன், கரண்ட்டையும் சேர்த்து. அன்றைக்கு என்று கரண்ட் இருந்தது.

மறுபடி ஒரு செய்தி வந்தது.

'மழை தூறுது. தபாலாபீஸ் வாசல்ல நிக்கேன். யாரையாவது அனுப்புங்கம்மா, நான் காத்திருக்கேன்.'

"என்னங்க, அவரு நின்னுக்கிட்டு இருக்காருங்க" என்றாள் ஸமீரா.

அவள் எழுதினது இன்னும் அப்படியே திரையில் இருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் மறுபடியும் அனுப்பினாள்.